கல்லுப் படிப்பு

இரண்டு வெங்கச்சாங்கற்களை எடுத்து, கதவைச் சாத்திய அறைக்குள் ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தி உரசினால், கல்லின் வயிற்றுக்குள் யாரோ விளக்கைத் தூண்டிவிட்டு உடனே அணைத்ததுபோல ஒரு மங்கிய மஞ்சள் ஒளி வந்து போகும். அதன் பின்னாலேயே ஒரு வாசனை வரும். முடி பொசுங்கிய வாசனையும் வெடி வெடித்து ஓய்ந்த தெருவின் வாசனையும் கலந்த அந்தக் காய்ந்த நெடிக்காகவே, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையோரத்து ஊர்ப் பிள்ளைகளான நாங்கள், வரப்புகளிலும் ஓடைக்கரையிலும் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் அந்தக் கற்களைப் பாவாடையில் அள்ளிவந்து, நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து உரசிக்கொண்டிருப்போம். "நெருப்புக்கல்லு" என்பது நாங்கள் அதற்கு வைத்திருந்த பேர். தரைக்கு அடியில் பாறை விரிசல்களுக்குள் கொதிநீர் ஏறி, ஆறி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து உறைந்த கல் அது என்று எங்களுக்கு முதன்முதலில் சொன்னவன் என் அண்ணன் ஏழுமலை.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. அதனால் நான் ஆறாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவன் வெளியூர் அரசுக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கரும்பும் வைத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அண்ணன்தான். வேதியியல் படிக்க வேண்டும் என்று போனவனுக்கு அதில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கேட்காமல் மிச்சமிருந்தது நிலவியல். என்ன படிப்பு என்று ஊரில் கேட்டவர்களிடம் "பாறைங்களப் பத்தினது" என்று அவன் விளக்கியது ஒரு வாரத்துக்குள் "கல்லுப் படிப்பு" ஆகி, டீக்கடையில் "கோவிந்தன் மவன் அம்மி கொத்தறதுக்குப் படிக்கப் போயிருக்கான்" என்று நிலைத்துவிட்டது. அண்ணன் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. முதல் வருஷ விடுமுறையில் வந்தபோதே அவன் வேறு ஆளாக வந்தான். நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். பேச்சின் நடுவில் குனிந்து எதையோ எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவன் கற்களைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டாய் ஓரமாகப் பரப்பிய ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அப்பா கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"கல்லுன்னா கல்லுதான்டா. ஒடைச்சா ரோட்டுக்கு ஆவும், நட்டா சாமி ஆவும். இதுல மூணு வருஷம் இன்னா படிக்கிற?"

"எல்லாக் கல்லும் ஒரே எடத்துல பொறக்கல நைனா," என்றான் அண்ணன். நாங்கள் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். "ஆலைக் கொட்டாயில கரும்புப் பாகு காச்சறோம் இல்ல? அத ஒடனே மரத்தொட்டியில ஊத்தி ஆற வெச்சா மாவு மாதிரி வெல்லம் ஆவுது. அதே பாகு குண்டான் அடியில மறந்துபோயி மூடிக் கெடந்துதுன்னா?"

"கல்கண்டு மாதிரி பருக்கை வுட்டுடும்," என்றார் அப்பா.

"அவ்ளோதான். பூமிக்கு உள்ள கல்லும் பாகு மாதிரி கொழம்பா இருக்குது. அது மேல பொங்கி வந்து காத்து பட்டா சட்டுனு ஆறிடும், பருக்கை கண்ணுக்கே தெரியாது. உள்ளயே மாட்டிக்கினா லட்சம் லட்சம் வருசமா மெள்ள ஆறும். பருக்கை பெருசு பெருசா வரும். இத பாரு."

அவன் நீட்டிய கல்லில் வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாகப் பருக்கைகள் உப்புக்கல் அளவுக்குத் தெரிந்தன. அப்பா வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணன் ஓடையில் எடுத்த இன்னொரு கல்லைக் காட்டி, ஏரி வற்றியதும் வண்டல் வெட்டும்போது கரையில் அடுக்கடுக்காகத் தெரிவதைச் சொல்லி, அப்படித் தண்ணீர் கொண்டுவந்து போட்ட மணலும் சேறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அமுங்கி, இறுகினால் அது ஒரு வகைக் கல் என்றான். மூன்றாவது வகைக்கு அவன் எடுத்துக்கொண்டது செங்கல் சூளையை. "சூளையில மண்ணு உருகறது இல்ல. ஆனா வெளிய எடுக்கும்போது அது மண்ணும் இல்ல. அதுமாதிரி ஏற்கெனவே கல்லா இருந்தது பூமிக்குள்ள ஆழத்துல போயி, வெந்து, நசுங்கி வேற கல்லா ஆயிடும். நம்ம கல்வராயன் மலைக்கல்லு அப்பிடித்தான்."

அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "மலை ஒசரமா மேல இருக்குது. அது எப்பிடிடா கீழ பொறந்திருக்கும்?"

"அதுக்கு மேல இன்னும் எவ்வளவோ மண்ணும் பாறையும் மூடிக்கினு இருந்துது நைனா. மழையில கரைஞ்சி கரைஞ்சி எல்லாம் கடலுக்குப் போயிடுச்சி. மூடியிருந்தது போனதாலதான் இது வெளிய தெரியுது."

அப்பா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "அப்ப நம்ம காலுக்கடியில இருக்கறதும் போய்க்கினுதான் இருக்குதா?"

"ஆமா நைனா. மெள்ள மெள்ள."

"எவன் நெலமோ. போவட்டும்," என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம் என்பதால் அம்மாவும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். தன் அம்மிக்கல் எங்கே பிறந்தது என்று அவள் கேட்டாள். அண்ணன் அம்மியின்மேல் தண்ணீர் தெளித்து, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்து, "இது கீழம்மா, ரொம்ப ரொம்ப கீழ" என்றான். "அதான் இந்தக் கனம் கனக்குது" என்று அம்மா திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணனோடு அதே கல்லூரியில் அதே பாடம் படித்த இன்னொருவன் மாயவன். ஊருக்குக் கிழக்கே ஓடையைத் தாண்டி இருந்த காலனியைச் சேர்ந்தவன். எங்கள் தெருவுக்குள் காலனிக்காரர்கள் செருப்புப் போட்டு நடக்காத காலம் அது. ஆனால் கல்லூரியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே பக்கெட், மழை பெய்தால் ஒரே குடை. விடுமுறையில் மாயவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா முகம் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அம்மா முதலில் கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் அதைப் பிடுங்கித் தன் சொம்பைக் கொடுத்தபின் சொம்பிலேயே கொடுத்தாள். இரண்டு பேரும் கொட்டாயில் உட்கார்ந்து ஒரு கல்லை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும், ஒன்றும் புரியாவிட்டாலும்.

கடைசி வருஷத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அவரவர் ஊர்ப்பக்கத்துக் கற்களை அவரவரே போய் உடைத்து எடுத்து, தரைக்கு மேலே உருவானது எது, கீழே உருவானது எது என்று பிரித்து, காரணத்தோடு செய்முறைத் தேர்வில் வைக்க வேண்டும். அண்ணனும் மாயவனும் சேர்ந்தே கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் போவதாக இருந்தார்கள். ஆனால் அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் காற்றே சரியில்லை. கல்வியிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஏர் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் வாய்க்காத சனம்தான் நாங்களும். ஆனால் அந்த ஆவேசம், எங்களைவிடவும் ஒன்றும் இல்லாதவர்களைப் பார்த்தும் முறுக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. மாயவனை அந்த நேரத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் நடக்க அவன் அம்மா விடவில்லை. அண்ணன் தனியாகப் பேருந்து ஏறி மலைக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் சாலை மறியல் தொடங்கியது. ஒரு காலையில் "மடமட"வென்று ஒரு சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, சாலையின் இரண்டு பக்கமும் குடை பிடித்தது போல நின்ற புளியமரங்களில் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. காய்கள் தார்ச்சாலை முழுக்கச் சிதறியிருந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அடுத்தடுத்து மரங்கள் விழுந்தன. பேருந்து இல்லை, லாரி இல்லை. வண்டி வராத சாலையில் நாங்கள் பிள்ளைகள் வழியெல்லாம் புளியங்காய் பொறுக்கித் தின்றுகொண்டு நடந்தோம். எங்களுக்கு அது திருவிழாவாக இருந்தது. அப்பா கோடாலியோடு போயிருந்தார். வியர்வையும் மரத்தூளுமாக வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது அம்மாவிடம் சொன்னார்: "எல்லாம் ஏழுமலைக்காவத்தான். நாளைக்கி அவனுக்கு ஒரு வேலைன்னா இன்னைக்கி நாம ரோட்ல நிக்கணும்."

மலையில் பேருந்து நின்றுபோன சேதி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், எங்கேயாவது பத்திரமாக இருப்பான் என்று அம்மா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிமலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. சாமையும் தேனும் கொண்டுவந்து கள்ளக்குறிச்சி சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பும்போது எங்கள் வீட்டில் கஞ்சி குடித்துப் போகிறவர்கள். அங்கேதான் தங்கியிருந்தான். இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, தேர்வு நெருங்குகிறதே என்ற பயத்தில், அவன் மலையிலிருந்து நடந்தே இறங்கிவிட்டான். வளைவு வளைவாக இறங்கும் மலைப்பாதை முழுக்க, கற்களால் நிறைந்த காக்கித் துணிப்பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி.

அன்று அம்மாவும் நானும் சாலையை ஒட்டிய கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப்பக்கம் வெளியூர் போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. யாரோ இளவட்டங்கள் கல்லை எறிய, வண்டியின் முன்கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் இறங்கி விரட்டியதும் மறியலில் இருந்த அத்தனை பேரும், எங்கள் அப்பாவும்தான், கரும்புத் தோட்டத்துக்குள் பாய்ந்து மறைந்தார்கள். சாலையில் போலீஸைத் தவிர ஈ காக்கை இல்லை. அப்போதுதான் மேற்கேயிருந்து அண்ணன் வந்தான். முகமெல்லாம் புழுதி. எங்களைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கிச் சிரித்தான்.

"டேய், நில்லு. எங்கேயிருந்து வர?"

"வெள்ளிமலையில இருந்து சார். பஸ் இல்ல. நடந்து வரேன்."

"பையில என்னடா?"

"கல்லு சார்."

அவர்களில் அதிகாரியாக இருந்தவர் பையை லத்தியால் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு போலீஸ்காரர் சிரித்தார். அதிகாரி பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினார். செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய கற்கள் தார்ச்சாலையில் உருண்டன. கடைசியாக, அண்ணன் கல் உடைக்கும் சின்னச் சுத்தியல் விழுந்தது. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தது. "நம்பர் போட்டு வேற வச்சிருக்கான் பாருங்க சார்," என்றார் சிரித்தவர்.

அண்ணனுக்கு அப்போதும் பயம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினான். எங்கள் அப்பாவுக்கே புரிந்ததல்லவா! மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு கல்லைப் பிரித்துக் கையில் எடுத்து நீட்டினான். "சார், நான் காலேஜ் ஸ்டூடண்ட் சார். இது பரீட்சைக்கு. இது பூமிக்குள்ள வெந்து மாறின கல்லு சார், எண்ணெ பூசின மாதிரி மினுக்குது பாருங்க. அது ஓடையில படிஞ்சது, மேல உண்டானது. இது கீழ..."

"எங்க வண்டிக் கண்ணாடிய உடைச்சது எதுடா? மேல உண்டானதா, கீழ உண்டானதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லத்தி, கல்லை நீட்டிக்கொண்டிருந்த அவன் வலது கையின்மேல் இறங்கியது. சுள்ளி முறிவது போன்ற ஒரு சத்தம் கொல்லைவரைக்கும் கேட்டது. அம்மா மல்லாட்டைச் செடியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். செடியின் வேரில் மண்ணும் காயும் தொங்க, ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். "அய்யா, அவன் படிக்கிற புள்ள அய்யா, அவன் ஊர்லயே இல்லய்யா" என்று அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. சிதறிய கற்களை அண்ணனையே பொறுக்கச் சொன்னார்கள். வலது கை தொங்கிக்கொண்டிருந்ததால் இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டான். எந்தக் கல்லுக்கு எந்தக் காகிதம் என்று பார்த்துப் பார்த்துச் சுற்ற முயன்றான். முதுகில் இன்னொரு அடி விழுந்தபின் அதையும் விட்டுவிட்டான்.

அப்பாவுக்குச் சேதி தெரிந்து கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேலெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கீறலோடு அப்படியே கிளம்பி, மரங்களைத் தாண்டித் தாண்டிக் காவல் நிலையத்துக்கு நடந்து போனார். அங்கே அவர் சொன்னதைப் பிறகு எங்களிடம் ஒரே ஒருமுறை சொன்னார். "மரத்த வெட்டினவன் நான்தாங்க. ரோட்ல நின்னவனும் நான்தாங்க. அவன வுட்டுட்டு என்னப் புடிச்சிக்குங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அங்கிருந்தவர் தலைநிமிராமலேயே, "இன்னைக்கு வேண்டிய ஆள் சேந்தாச்சு, போய்யா" என்றிருக்கிறார்.

வெளியூர் மத்திய சிறையில் அண்ணனை வைத்தார்கள். பல வாரம் கழித்து, கைதான மற்றவர்களோடு சேர்த்து ஜாமீனில் விட்டார்கள். கை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. அதற்குள் செய்முறைத் தேர்வு முடிந்திருந்தது.

அவனை வரவேற்க ஊர் எல்லையில் மேளம் வைத்திருந்தார்கள். கழுத்து கொள்ளாத மாலை. மேடையில் சங்கத்துக்காரர் ஒருவர், "நம்ம உரிமைக்காவ கல்லெடுத்த தம்பி இவன்! சிறைக்குப் போன சிங்கம் இவன்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். அண்ணன் எழுந்து மைக்கைக் கேட்டான். "நான் கல்லு எறியல. அது எங்க பாடம். அந்தக் கல்லுங்க..." என்று அவன் சொல்லத் தொடங்கியதும் கூட்டம் விசிலடித்தது, போலீசுக்குப் பயந்து சாமர்த்தியமாகப் பேசுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மைக்கை அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அப்பா கூட்டத்தின் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒலிபெருக்கியின் இரண்டு குழாய்களில் ஒன்று கிழக்கே, காலனியைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. மறியல் நடந்த நாட்களில் எங்கள் ஆட்கள் காலனிக்குள் புகுந்து கூரைகளுக்குத் தீ வைத்திருந்தார்கள். மாயவன் வீடும் அதில் போயிற்று. கரிந்த சுவர்களுக்கு மேல் தென்னங்கீற்றைச் சாய்த்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்தபோதுதான், கல்லெடுத்த தம்பியின் பெருமை அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலை அண்ணன் ஓடையைத் தாண்டிப் போனான். போகாதே என்று அம்மா தடுத்தும் கேட்கவில்லை என்பதால் என்னைக் கூட அனுப்பினாள். மாயவன் சுவரோரமாக உட்கார்ந்து எரிந்துபோன பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். தலைநிமிரவில்லை. அண்ணன் அவன் பேரைச் சொல்லி இரண்டுமுறை கூப்பிட்டான். மாயவனின் அம்மாதான் குறுக்கே வந்து நின்றாள்.

"போயிடுப்பா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நீ எறிஞ்சியா, எறியலியான்னு இப்ப யாரு கேக்கப் போறாங்க. நீ இங்க நிக்கறத உங்க ஆளுங்க பாத்தா எங்களுக்குத்தான் கஷ்டம். போயிடு."

அண்ணன் தன் கோணல் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். மாயவன் கல்லூரியை முடித்து வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் ஊர்ப்பக்கம் அவன் திரும்பி வரவே இல்லை.

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. அண்ணன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவான். விடுதலை எப்போது கிடைக்கும் என்று அவன் வக்கீலிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்லை எப்போது திருப்பித் தருவார்கள் என்றுதான் கேட்பான். அது சாட்சிப் பொருள், வழக்கு முடியாமல் தர முடியாது என்றார்கள். திரும்ப மலைக்குப் போய் வேறு கல் கொண்டுவரலாமே என்று நான் கேட்டபோது, சுத்தியல் பிடிக்க வராத கையைத் தூக்கிக் காட்டினான். அவனுடைய பேராசிரியர் ஒருவர் இரக்கப்பட்டு, கல்லூரிக் கற்களையே வைத்துத் தேர்வெழுத வைத்து, இரண்டு வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கவைத்தார்.

இதற்கிடையில் போராட்டம் கேட்ட இட ஒதுக்கீடு வந்தது. முழுசாக இல்லாவிட்டாலும் வந்தது. அப்பா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அந்த ஒதுக்கீட்டிலேயே அண்ணன் நிலத்தடி நீர் பார்க்கும் அரசு வேலைக்குத் தேர்வாகியும் விட்டான். வீட்டில் யாரும் சரியாகத் தூங்காத வாரம் அது, சந்தோஷத்தில்தான். பிறகு போலீஸ் விசாரணை வந்தது. வழக்கு நிலுவையில் இருப்பவனுக்கு வேலை தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் போராட்டத்தில் கல்லெறிந்தான் என்று அவன்மேல் வழக்கிருந்ததோ, அந்தப் போராட்டம் வாங்கிக்கொடுத்த வேலை. நியாயம் கேட்டு அப்பா சங்கத்துக்காரர் வீட்டுக்குப் போனார். "தியாகம்னா நாலு கஷ்டம் வரத்தான் செய்யும்" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா அண்ணன் எதிரே உட்கார்ந்து, "நான்தான்டா மரத்த வெட்டினேன். என்ன வுட்டுட்டு உன்னப் புட்சிக்கினு போனானுங்களே" என்று ஆரம்பித்துத் தரையில் கையால் அறைந்துகொண்டே இருந்தார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி நான் பார்க்கவில்லை. அப்பா அதிக காலம் இருக்கவும் இல்லை.

வழக்கை ஒருநாள் மொத்தமாக வாபஸ் வாங்கினார்கள். அதற்குள் அண்ணனுக்கு வேலைக்கான வயது கடந்திருந்தது. ஊருக்குத் தெற்கே இருந்த கரட்டில் அப்போது புதிதாக ஜல்லி குவாரி திறந்திருந்தார்கள். "கல்லப் பத்தித் தெரிஞ்ச ஆளு" என்று அவனை மேஸ்திரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கே துளை போட்டால் பாறை சுலபமாகப் பிளக்கும் என்று காட்டுவது அவன் வேலை. முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் அரவை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் நின்றான். வீட்டுக்கு வரும்போது புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். கல் எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதையும், கல்லைப் பற்றிப் பேசுவதையும் அடியோடு விட்டுவிட்டான். அம்மா ஒருமுறை வேண்டுமென்றே, புது ஆட்டுக்கல் ஒன்றைக் காட்டி இது மேலே பிறந்ததா, கீழே பிறந்ததா என்று கேட்டாள். "கடையில பொறந்தது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனான். அம்மா அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை.

இருமல் வந்தபோது சளி என்று நினைத்தோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கக் கல்தூசு படிந்து இறுகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, கள்ளக்குறிச்சியிலேயே குடியிருந்தேன். அவனை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருப்பான். ஒரு சாயங்காலம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, பல வருஷம் கழித்து அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான்.

"மேல உண்டாவும், கீழ உண்டாவும்னு படிச்சேன் பாப்பா. நெஞ்சுக்குள்ளயும் உண்டாவும்னு எவனும் சொல்லித் தரல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எலும்புகள்தான் கைக்குத் தட்டுப்பட்டன. அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டான். அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அம்மா அவனுக்குப் பின் கொஞ்ச காலம் இருந்தாள். கடைசிவரை அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அன்னைக்கி அவன் கையத் தூக்கிச் சிரிச்சான். வராதடா, திரும்பிப் போன்னு நான் ஒரு கூவு கூவியிருக்கலாம்." யாராலும் முடிந்திருக்காது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஏற்கவில்லை.

இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகராகிவிட்டது. அந்தச் சாலையைப் பலமுறை அகலப்படுத்திவிட்டார்கள்; வெட்டாமல் தப்பிய புளியமரங்களும் அதில் போயின. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் சனி, ஞாயிறுகளில் அருவி பார்க்கக் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. காலனியில் கூரை வீடுகள் இல்லை, எல்லாம் மாடிக்கட்டடம். அங்கே ஒரு காலத்தில் தீ எரிந்ததைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை, கேட்டால் அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்கிறார்கள். என் வகுப்பில் பாறைகளின் மூன்று வகை பற்றி ஒரு பாடம் வருகிறது. படம் போட்டு விளக்கியிருக்கிறது. நான் அதைப் பிள்ளைகளிடமே சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, முடியும்வரை சன்னலோரமாக நின்றுகொள்கிறேன்.

அண்ணன் வேலை செய்த கரடு இன்றைக்கு இல்லை. வெட்டி எடுத்து, அரைத்து, சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பி, தரைமட்டத்துக்கும் கீழே போய், ஊற்று வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். ஊரே அண்ணாந்து பார்த்த இடத்தில் இப்போது பச்சை நிறத்தில் ஆழமான தண்ணீர் நிற்கிறது, சுற்றிலும் முள்கம்பி. அம்மா இறந்தபின் வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பதால், கூட்டிப் பெருக்கிவிட்டு வர மாதம் ஒருமுறை பேருந்தில் போகிறேன். ஊர் நெருங்கும்போது இடதுபக்கம் கரடு தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வானம் தெரிகிறது. அதனால் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி, நான் வலதுபக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருகிறேன்; இல்லாவிட்டால் நின்றுகொண்டு போகிறேன்.